நாளைக்கு ஒருத்தன் கேட்டா

புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில், 'அறந்தாங்கி' என்று கொட்டை எழுத்தில் பலகை மாட்டிய பேருந்துக்கு முன்னால் நின்றுகொண்டு, "இது அறந்தாங்கி போகுமா?" என்று ஒருவரிடம் கேட்டு, அவர் போகும் என்ற பிறகும் பூக்காரம்மாவிடம் இன்னொரு தடவை கேட்டு, கடைசியில் நடத்துநர் வாயாலும் சொல்லக் கேட்ட பிறகே ஏறுகிற மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். என் அம்மாவும் அப்படித்தான் கேட்டு ஏறுவாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவர் எம்.சி.ஏ. படித்தவர்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"போர்டுலதான் போட்டிருக்கே சார்."

"போர்ட மாத்தாம எடுத்துட்டு வந்திருந்தா? நாளைக்கு ஒருத்தன் கேட்டா, மூணு பேரு சொன்னாங்க, ஏறுனேன்னு சொல்லலாம்லம்மா."

தவறான பேருந்தில் ஏறியதற்கு அவரை யார் கேட்கப் போகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் என்று மரியாதையோடு எழுதுவதும் எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த டீச்சருக்காகத்தான்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் அவர் தொழில்நுட்பத் தலைமை. பெரிய அலுவலகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடி. முதலாளி, அவர், நான், கணினிகளைப் பிரித்து மாட்டுகிற இரண்டு பேர். சென்னைப் பக்கம் அலுவலகங்களில் கழித்துப் போட்ட கணினிகளை வாங்கித் துடைத்து, பழுது பார்த்து, எங்கள் இயங்குதளத்தை ஏற்றி, மாவட்டத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டர்களுக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் கொடுப்பது எங்கள் தொழில். 'எங்கள் இயங்குதளம்' என்பதும் கொஞ்சம் அதிகப்படியான பேச்சுதான். உலகத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஒன்றை எடுத்து, தமிழ் விசைப்பலகை, படிவம் நிரப்புகிற நிரல், ஸ்கேன் செய்ததை அடுக்கி வைக்கிற நிரல் எல்லாம் சேர்த்து ஒரு வட்டில் வைத்திருப்போம். அந்த ஒரு வட்டிலிருந்துதான் எல்லாக் கணினிக்கும் நகல் போகும். அதில் நாங்கள் எதை வைக்கிறோமோ அதுதான் ஆவுடையார்கோவில் கடையிலும் ஓடும், கடற்கரை ஊர்க் கடையிலும் ஓடும். எதை வைப்பது என்று சொல்ல வேண்டியது அவர் வேலை. அதற்குத்தான் சம்பளம்.

டீக்கடையிலிருந்து ஆள் மேலே வந்து "டீயா, காப்பியா சார்?" என்றால் அவர் முதலாளி அறையை எட்டிப் பார்ப்பார். முதலாளிக்குக் காப்பி என்றால் இவருக்கும் காப்பி. முதலாளி வெளியூர் போன நாட்களில் இரண்டுமே வேண்டாம் என்று விடுவார். அவர் தலைக்கு மேல் இருந்த மின்விசிறி ஒரு கோடை முழுக்கக் கிறீச்சிட்டது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமே என்றேன். "நீயும் அவங்க ரெண்டு பேரும் எழுதிக் குடுங்கம்மா, கூப்புட்டுருவோம்" என்றார். மூன்று பேரும் எழுதிக் கொடுத்த பிறகே அவர் தலைக்கு மேல் சத்தம் நின்றது.

எழுதிக் கொடுப்பதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார். காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு. யார் என்ன சொன்னார்கள், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எல்லாம் அதில் ஏற வேண்டும். அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் அதில் எங்கேயும் இருக்காது. எழுதுகிற வேலை எனக்கு. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டு. வல்லத்திராக்கோட்டை ரேஷன் கடையில் அப்பாவின் கட்டைவிரல் மையைத் துடைத்துவிட்டு வளர்ந்தவள் நான். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதில் எனக்கு இருந்த பெருமையைத்தான் அவர் பயன்படுத்திக்கொண்டார் என்பது அப்போது தெரியவில்லை.

கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. குரலை உயர்த்தியதில்லை. பெண்பிள்ளை என்று பார்வை பிசகியதில்லை. விடுப்புக் கேட்டால், முதலாளி சரி என்றால், கொடுத்துவிடுவார். கெட்டவராக இருந்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ரஹ்மத் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர் ஒன்றில் கடை வைத்திருந்தார். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வதற்கு அவர் கடைக்குத்தான் வர வேண்டும். தொலைந்து போனால் அங்கிருந்தே கணவன் கூப்பிட்டு, "ரஹ்மத்துட்ட இருக்கும், வாங்கி அனுப்பு" என்பான். வாரத்துக்கு இரண்டு தடவையாவது எங்களுக்குப் போன் செய்வார். "இந்த ஊரு ஆம்பளைங்க உசுரு பூராம் ஒங்க பொட்டிக்குள்ளதான் கெடக்கு தங்கச்சி, பாத்துக்க" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம் வட்டைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அப்போதுதான் ரன்டைம் பிரச்சினை எழுந்தது. நிரல் என்பது எழுதி வைத்த கட்டளைகள். அதை வாசித்து நிறைவேற்ற இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்றுதான் ரன்டைம். ஒரு கணினியில் இரண்டு மூன்று ரன்டைம்கள் இருக்கலாம். எது வேண்டும் என்று பெயர் சொல்லாமல் நிரல் கூப்பிட்டால் எது எழுந்து வருமோ அதுதான் டிஃபால்ட். எங்கள் வீட்டில் "யாரு அங்கிட்டு, தண்ணி கொண்டா" என்றால் பெயர் சொல்லாமலே அம்மா எழுந்து போவது மாதிரி.

எங்கள் வட்டில் டிஃபால்ட்டாக இருந்தது பழையது. அதைச் செய்தவர்களே, இனிமேல் இதில் ஓட்டை வந்தால் அடைக்க மாட்டோம், வேறு பார்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பழையதன் வழியாக ஓடுகிற எந்த நிரலும் கணினிக்குள் எல்லா அறையையும் திறக்கலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். புதிதாக வந்திருந்தது அப்படி இல்லை. ஒரு நிரல் எந்தக் கோப்பைத் தொட வேண்டும் என்றாலும், இணையத்தில் எங்கே எதை அனுப்ப வேண்டும் என்றாலும், முதலில் திரையில் வந்து அனுமதி கேட்கும். நாம் சரி என்றால்தான் நகரும்.

நான் இரண்டையும் பத்து நாள் ஓட்டிப் பார்த்தேன். எங்கள் நிரல்கள் எல்லாம் புதியதில் சுத்தமாக ஓடின. மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் படித்தார். நன்றாகத்தான் படித்தார். நான் விட்ட ஒரு குறையைக்கூடச் சுட்டிக்காட்டினார். விஷயம் தெரியாத ஆள் இல்லை.

"நீ சொல்றது சரிதாம்மா. பாப்போம்."

"எப்ப சார் பாக்குறது? புது வட்டு இந்த மாசம் கடைகளுக்குப் போகணும்."

"மாத்தி, எவனாவது கடையில ஏதாவது ஓடலைன்னு வந்து நின்னா? நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்ன சொல்றது?"

"மாத்தாம ஏதாவது ஆயிட்டா சார்?"

"ஏற்கெனவே இருந்ததும்மா அது. நாம வச்சதில்ல."

இதை முதலாளியிடம் கொண்டுபோனேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். இவரைக் கூப்பிட்டு, "நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க சார், நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றார். வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் முகம் கறுத்துப்போனது. மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலையில், "கிளம்பும்மா, ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்துருவோம்" என்றார். நார்த்தாமலை போகிற வழியில் ஓர் அம்மன் கோயில். அவர் கையில் மடித்த வாழையிலைத் துண்டுகள், ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. பூ கட்டிப் பார்க்கப் போகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையவில்லை, கிணற்றுக்கு இடம் தெரியவில்லை என்று வருகிறவர்கள் இரண்டு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு, எடுக்கச் சொல்லி உத்தரவு கேட்பார்கள். இவர் ரன்டைமுக்குக் கேட்க வந்திருந்தார்.

"வெள்ள வந்தா புதுசு, செவப்பு வந்தா பழசு" என்று என் காதருகே சொன்னார். "நீ சாட்சிம்மா."

பூசாரி என்ன காரியம் என்று கேட்டார். "ஒரு மாத்தம் பண்றதா வேணாமான்னு" என்றார் இவர். "வீடு மாத்தமா, எடமாத்தமா?" என்று பூசாரி கேட்டதற்கு, "அந்த மாதிரிதான்" என்றார். கும்பிட வந்திருந்த ஒரு பெண்ணை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது.

"பொட்டலத்த சரியா உருட்டல போலருக்கு" என்று மறுபடி கட்டினார். மறுபடியும் வெள்ளை.

"ஆத்தா ரெண்டு வாட்டி சொல்லிருச்சுப்பா. இன்னொருக்கக் கேட்டா கோவிச்சுக்கிரும்" என்று பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குப் பூவில் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்று பேருந்தில் திரும்பும்போது சிரிப்பாகவும் நிம்மதியாகவும் இருந்தது. எப்படியோ முடிவு வந்து சேர்ந்தால் சரி என்று நினைத்தேன்.

"அப்ப புதுச போட்டுறலாமா சார்?"

"அம்மன் சொன்னுச்சுன்னு நோட்டுல எழுத முடியாதேம்மா" என்றார்.

நோட்டில் எழுதக்கூடிய வழியொன்றை மாலைக்குள் கண்டுபிடித்துவிட்டார். எல்லாக் கடைக்காரர்களுக்கும் நான் போன் செய்து கேட்க வேண்டும். கேட்க வேண்டியதை அவரே சொன்னார். இப்போது இருப்பதே இருக்கட்டுமா, புதியது மாற்றட்டுமா, மாற்றினால் அடிக்கடி கேள்வி கேட்கும். அவ்வளவுதான்.

"ஏன் கேள்வி கேக்கும்னு சொல்ல வேணாமா சார்?"

"வெளக்கம் சொல்லக் கூடாதும்மா. சொன்னா, நாம சொல்லித்தான் அவுங்க செஞ்சாங்கன்னு ஆயிரும். அவுங்க முடிவா இருக்கணும்."

எந்த மருந்து வேண்டும் என்று நோயாளியிடம் கேட்டு, எதற்கான மருந்து என்பதைச் சொல்லாமல் விடுவதை ஒரு மருத்துவர் செய்தால் ஊர் சும்மா விடுமா? இவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு போனையும் கேட்டார். நான் ஒவ்வொரு பெயராக எழுதினேன். கேள்வி கேட்கும் என்றால் யார்தான் சரி என்பார்கள்? ஒருவர் பாக்கியில்லாமல் பழையதே போதும் என்றார்கள்.

ரஹ்மத் அக்கா கடையில் கூட்டம் போலிருந்தது. பின்னால் ஒரே சத்தம்.

"கேள்வி கேக்குமா? இங்க வாரவங்க கேக்குற கேள்விக்கே பதில் சொல்லி மாளல. இருக்குறதே இருக்கட்டும்." பிறகு, "நீ என்ன சொல்ற தங்கச்சி?" என்றார்.

எதிர் நாற்காலியிலிருந்து இவர் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்பதுபோல் தலையை மெல்ல அசைத்தார்.

"ஒங்க விருப்பம்க்கா" என்றேன். எழுதினேன். ரஹ்மத், பழையது, தேதி, நேரம். வரிசை கோணாமல் எழுதினேன்.

இவர் வட்டில் பழையதையே டிஃபால்ட்டாக வைத்தார். புதியதையும் ஒரு மூலையில் வைத்தார். வேண்டும் என்கிறவர்கள் மாற்றிக்கொள்ளலாமாம். அப்படி மாற்றிக்கொள்ளத் தெரிந்த கடைக்காரர் ஒருவர்கூட எங்களிடம் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

ஐந்து மாதம் கழித்து ரஹ்மத் அக்கா முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றார். கணினியைப் படுக்கை விரிப்பில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்திருக்கிறார். ஊரில் பல வீடுகளுக்கு ஒரே மாதிரி போன் வந்திருக்கிறது. கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் வீட்டுக்காரர் விசா முடியப் போகிறது, உடனே பணம் கட்டுங்கள் என்று. பாஸ்போர்ட் எண், விசா முடியும் நாள், பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண் கழுத்தில் கிடந்ததை அடகு வைத்து அனுப்பியும்விட்டாள். இத்தனை பேர் எண்ணும் ஒரே இடத்தில் இருப்பது எங்கே என்று ஊர் யோசிக்க வெகுநேரம் ஆகவில்லை.

"நான் வித்துட்டேங்குறாங்க தங்கச்சி" என்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எம் பக்கத்து வீட்டுப் பிள்ள எனக்கு சலாம் சொல்றதில்ல இப்ப."

அன்று மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டேன். ரஹ்மத் அக்கா கடையில் போட்டோவைச் சிறிதாக்க ஏதோ இலவச நிரல் ஒன்றை இறக்கி வைத்திருந்தார்கள். அது பெயர் சொல்லாமல் ரன்டைமைக் கூப்பிட்டது. பழையது எழுந்து வந்தது. போட்டோவைச் சுருக்கியதோடு, பாஸ்போர்ட்டுகள் இருந்த கோப்புறையையும் திறந்து, நாள் தவறாமல் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. அதே நிரலைப் புதியதில் ஓட்டிக் காட்டினேன். போட்டோ சுருக்குகிற நிரல், பாஸ்போர்ட் கோப்புறையைப் படிக்கவும் வெளியே அனுப்பவும் அனுமதி கேட்கிறது, சரியா என்று திரை தமிழில் கேட்டது.

ரஹ்மத் அக்கா அதை இரண்டு தடவை வாசித்தார். "இதுதான் அந்தக் கேள்வியா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் இவர் அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்து வந்தார். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. அடையாளத்துக்குக் காகிதம் செருகியே வைத்திருந்தார்.

"இந்தாங்கம்மா. பழையதே இருக்கட்டும்னு நீங்க சொன்னது. தேதி, நேரம் எல்லாம் இருக்கு பாருங்க."

திட்டுகிற குரல் இல்லை. காணாமல் போன சாவியைக் கண்டெடுத்துக் கொடுக்கிறவரின் குரல். ரஹ்மத் அக்கா தன் பெயரைப் பார்த்தார். அப்புறம் அந்த எழுத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"யாரையும் தண்டிக்கச் சொல்லல. ஒருத்தர் வந்து நாலு பேரு முன்னாடி, இது மிஷின்ல நடந்தது, ரஹ்மத் விக்கலன்னு சொல்லுங்க. போதும்" என்றார்.

ரஹ்மத் அக்கா போன பிறகு இவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "போகக் கூடாதும்மா. நாம போனா நாமளா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"அவங்க பேரு போகுது சார்."

"அவுங்கதான சொன்னாங்க."

நான் முதலாளியிடம் போய், புதியதை டிஃபால்ட் ஆக்கப் போகிறேன் என்றேன். ஆக்கு என்றார். வட்டு அன்றே மாறியது. பிறகு புது நகல் போன எந்தக் கடையிலும் எதுவும் நிற்கவில்லை. அந்த நோட்டில் முதல் தடவையாக, முடிவு எடுத்தவர் என்று எழுதி என் பெயரைப் போட்டேன். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துவிட்டு, "இன்ஷியலையும் சேத்துரும்மா" என்றார்.

அடுத்த நாள் யாரிடமும் சொல்லாமல் அந்த ஊருக்குப் போனேன். ரஹ்மத் அக்கா கடை வாசலில் ஜமாத்துப் பெரியவர்கள் இரண்டு பேர், இருபது பெண்கள் இருக்கலாம். கணினியைத் திருப்பி வைத்து, எது போனது, எப்படிப் போனது, எங்கள் அலுவலகம் எதை மாற்றாமல் விட்டது, எல்லாம் சொன்னேன். அலுவலகத்தின் பெயரைச் சொன்னேன். நகையை அடகு வைத்த பெண் முன் வரிசையில் இருந்தாள். பெரியவர் ஒருவர், "இது தெரிஞ்சே விட்டதா பிள்ள?" என்று கேட்டார்.

"தெரிஞ்சேதான் அத்தா."

கூட்டம் கலைந்த பிறகு ரஹ்மத் அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பெயர் திரும்பிவிட்டது என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் போகிறபோது அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் கேட்டது அப்படிச் சுட்டிருக்காது.

"நீ என்ன சொல்றன்னு அன்னிக்கு ஒங்கிட்டதான கேட்டேன் தங்கச்சி?"

தம்ளரைக் கீழே வைத்தேன். படித்தவள், பத்து நாள் ஓட்டிப் பார்த்தவள், மூன்று பக்கம் எழுதியவள். எதிர் நாற்காலியில் ஒரு ஆள் தலையை அசைத்ததற்காக 'ஒங்க விருப்பம்க்கா' என்றவள். இத்தனை நேரம் அந்த மனிதரைப் பற்றி எழுதியதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைக் கழித்துவிட்டுப் படிக்க வேண்டாம்.

திரும்புகிற பேருந்தில் இவரிடமிருந்து போன் வந்தது. யார் சொன்னார்களோ தெரியவில்லை.

"போயிட்டியாம்மா?"

"போயிட்டேன் சார்."

"ஆபீஸ் பேர சொல்லலையே?"

"சொன்னேன் சார்."

"யாரு இந்த முடிவ எடுத்தான்னு… என் பேரு எதுவும் வந்துச்சாம்மா?" என்றார்.

"இல்ல சார். ஒங்களப் பத்தி அங்க யாரும் கேக்கல."

"நல்லதும்மா" என்றார். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை.